தானாகத் திறக்கும் மடக்குக் கத்திகள்: வகை அறிந்து கையாளும் முறை

பட்டனை அழுத்தியதும் அலகு வெளியே வந்துவிடும் கத்தி எதுவானாலும் அதைப் பட்டன் கத்தி என்ற ஒரே பெயரால் அழைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு பெயருக்குள் ஐந்தாறு வேறுபட்ட இயந்திர அமைப்புகள் அடங்கியிருக்கின்றன. ஒரு வகையை மூடும் முறையில் இன்னொரு வகையை மூட முயன்றால் விரல் வெட்டுப்படலாம். ஒரு வகைக்கு விடும் எண்ணெயை இன்னொரு வகைக்கு விட்டால் அது தூசியைச் சேர்த்துக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடும். ஆகவே கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்வதே இந்தக் கத்திகளைக் கையாள்வதில் முதல் வேலை.

எந்தத் தானியங்கிக் கத்தியையும் மூன்று கேள்விகளைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். மூடியிருக்கும்போது, அலகைத் திறக்கப்போகும் விசை எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது? அந்த விசை தன்னிச்சையாக வெளிப்படாமல் பிடித்து வைத்திருப்பது எது? திறந்த பிறகு அலகு மடங்கிவிடாமல் தடுப்பது எது? வாங்குபவர்களில் பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். எவ்வளவு வேகமாகத் திறக்கிறது, எவ்வளவு உரக்கச் சத்தமிடுகிறது என்பதையே தரத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்பிரிங் அலகைத் தள்ளும் வேலையை மட்டுமே செய்கிறது. கத்தி நம்பத்தக்கதா என்பதைத் தீர்மானிப்பவை மற்ற இரண்டு கேள்விகளுக்கான விடைகள், அதாவது மூடிய நிலையையும் திறந்த நிலையையும் காக்கும் தாழ்கள்.

இத்தகைய கத்திகள் உருவானதற்கு ஒரு நேர்மையான காரணம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கை வேறொன்றைப் பிடித்திருக்கும்போது, அல்லது ஒரு கை காயப்பட்டிருக்கும்போது, மற்றொரு கையால் மட்டுமே கத்தியைத் திறக்க முடிய வேண்டும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் பாராசூட் வீரர்களுக்கு எம்2 என்ற பட்டன் கத்தி வழங்கப்பட்டது இதற்காகத்தான். மரத்திலோ கம்பத்திலோ சிக்கித் தொங்கும் வீரர் ஒரே கையால் பாராசூட் கயிறுகளை அறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னாளில் அமெரிக்க விமானப் பணியாளர்களுக்குத் தரப்பட்ட எம்சி-1 கத்தியில், ஆரஞ்சு நிறப் பிடியின் ஒருபுறம் கயிறு அறுக்கும் கொக்கி அலகும், மறுபுறம் பட்டனால் திறக்கும் அலகும் இருந்தன. மீட்புப் பணி செய்வோரும், ஒரு கை மட்டுமே பயன்படுத்தக்கூடியவர்களும் இவற்றை நாடுவது இன்றும் இதே தேவையால்தான்.

எது தானியங்கி, எது அன்று

தானியங்கிக் கத்தி என்றால், மூடிய நிலையிலேயே ஸ்பிரிங் முறுக்கேறியோ அழுந்தியோ காத்திருக்க வேண்டும், அல்லது பிடியில் உள்ள பட்டனை நகர்த்தும் அதே செயலால் முறுக்கேறி அலகை விடுவிக்க வேண்டும். பயனர் அலகைத் தொடுவதில்லை. பிடியில் இருக்கும் பட்டனையோ நெம்புகோலையோ மட்டுமே தொடுகிறார். அலகைத் தொட்டுத்தான் திறக்க வேண்டுமென்றால் அது தானியங்கி அன்று.

அதிகக் குழப்பம் தருவது துணைவிசைக் கத்தி. வெளிப்பார்வைக்கு இதுவும் படக்கென்று திறக்கிறது. ஆனால் மூடிய நிலையில் இதன் ஸ்பிரிங் அலகை மூடியே வைத்திருக்கப் பார்க்கிறது. அலகில் உள்ள குமிழையோ, முதுகுப்பக்கம் துருத்தி நிற்கும் நீட்சியையோ விரலால் தள்ளி, அலகைச் சற்றுத் தூரம் கையால் திறந்த பிறகுதான் ஸ்பிரிங் இழுக்கும் திசை அச்சாணியின் மறுபக்கத்துக்கு மாறி, எஞ்சிய தூரத்துக்கு அலகைத் தள்ளுகிறது. கென் ஆனியன் வடிவமைத்து, கெர்ஷா நிறுவனம் பரவலாக்கிய ஸ்பீட்சேஃப் என்ற அமைப்பு இந்த வகையைச் சேர்ந்தது; அதில் பிடிக்குள் வளைந்து கிடக்கும் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி இந்த வேலையைச் செய்கிறது. மூடிய கத்தியின் அலகை மிக மெதுவாக விரலால் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் பாருங்கள். அது மீண்டும் பிடிக்குள் போய் அமர்ந்தால் துணைவிசைக் கத்தி. பட்டன் கத்தியின் அலகோ தாழில் இருக்கும்வரை அசையவே அசையாது.

புவியீர்ப்புக் கத்தியில் ஸ்பிரிங் அலகைத் தள்ளுவதே இல்லை. தாழை நீக்கிவிட்டுப் பிடியைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் அலகு தன் எடையால் நழுவி வெளிவரும். இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் பாராசூட் வீரர்கள் வைத்திருந்தது இதுதான். இரட்டைப் பிடிகளைச் சுழற்றித் திறக்கும் பட்டாம்பூச்சிக் கத்தியும் கைத்திறனால் இயங்குவதே தவிர, தானியங்கி அன்று.

இந்த வேறுபாடு வெறும் பெயர் விவகாரம் இல்லை, சட்டமே இதைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறது. 1958-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், பிடியில் உள்ள பட்டனைக் கையால் அழுத்தினால் தானாகத் திறப்பதையும், புவியீர்ப்பாலோ வீச்சாலோ திறப்பதையும் ஒரே வரையறைக்குள் கொண்டுவந்து, அவை மாநில எல்லைகளைக் கடந்து விற்கப்படுவதைக் கட்டுப்படுத்தியது. மூடிய நிலையை நோக்கியே ஸ்பிரிங் இழுக்கும் துணைவிசைக் கத்திகளுக்கு 2009-இல் கொண்டுவந்த திருத்தம் விலக்கு அளித்தது. பிரிட்டன் 1959-இலேயே பட்டன் கத்திகளின் தயாரிப்பையும் விற்பனையையும் தடைசெய்துவிட்டது. சில இடங்களில் அலகின் நீளம் கணக்கில் கொள்ளப்படுகிறது, சில இடங்களில் வைத்திருப்பதே குற்றம், சில இடங்களில் வீட்டில் வைக்கலாம், வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. வாங்குவதற்கு முன்பும், பயணத்தில் எடுத்துச் செல்வதற்கு முன்பும், தாம் இருக்கும் இடத்தின் சட்டத்தையும் போகும் இடத்தின் சட்டத்தையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்வது கட்டாயம். விமானத்தின் பயணியர் பகுதியில் கத்தியை எடுத்துச் செல்லப் பொதுவாக அனுமதி கிடைப்பதில்லை.

பக்கவாட்டில் திறப்பவை

சாதாரண மடக்குக் கத்தியைப் போலவே ஓர் அச்சாணியைச் சுற்றி அரைவட்டமாகச் சுழன்று திறப்பவை இவை. தானியங்கி மடக்குக் கத்தி என்ற சொல் கண்டிப்பாகப் பொருந்துவது இந்தக் குடும்பத்துக்குத்தான்.

பழைய அமைப்பில் பட்டை ஸ்பிரிங் இருக்கும். ஒரு முனை பிடிக்குள் அறைந்து நிறுத்தப்பட்டு, மறுமுனை அச்சாணிக்கு அருகே அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டு நிற்கும். அலகின் அடிப்பகுதியில் ஒரு துளை. அதற்குள் பட்டனோடு இணைந்த ஒரு முளை நுழைந்திருக்கும். பட்டனை அழுத்தினால் முளை துளையிலிருந்து விலகும், பட்டை ஸ்பிரிங் அலகை உதைத்துத் தள்ளும். உதை என்ற சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். பல கத்திகளில் இந்த ஸ்பிரிங் பயணத்தின் தொடக்கத்தில் மட்டுமே அலகைத் தொட்டுத் தள்ளுகிறது, எஞ்சிய தூரத்தை அலகு தான் பெற்ற வேகத்தால் கடக்கிறது. அச்சாணியில் அழுக்கு சேர்ந்தால் இந்த வகைக் கத்தி முக்கால்வாசி திறந்து நின்றுவிடுவதற்குக் காரணம் இதுவே. ஸ்பிரிங் பழுதில்லாமல் இருக்கும், ஆனால் வேகம் வழியிலேயே கரைந்துவிடும்.

இத்தாலியின் மானியாகோ நகரில் உருவான, ஸ்டிலெட்டோ எனப்படும் ஒல்லியான கத்திகள் இந்தக் குடும்பத்தில் மிகவும் அறியப்பட்டவை. இவற்றை மூடும் முறை புதியவர்களைத் திணற வைக்கும், ஏனெனில் பட்டனை அழுத்தினால் அலகு மூடாது. திறந்த நிலையின் தாழ், பிடியின் முதுகில் ஓடும் தனிப் பட்டையில் இருக்கிறது. சிலவற்றில் அந்தப் பட்டையின் துருத்திய முனையை நகத்தால் நெம்ப வேண்டும். வேறு சிலவற்றில் பிடியின் உலோகத் தலைப்பகுதியைச் சற்றுத் திருப்ப வேண்டும். இரண்டாம், மூன்றாம் கேள்விகளுக்கு இரண்டு தனித்தனி விடைகள் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. அழகுக்காக இவற்றை விரும்புவோர் பலர், ஆனால் அன்றாட வேலைக்கு நான் இவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். அலகு குத்துவதற்கேற்ற ஒடுங்கிய வடிவம் கொண்டது. பெட்டி பிரிக்கவும் கயிறு அறுக்கவும் அது ஏற்றதன்று.

ஜெர்மனியின் சோலிங்கன் மரபில் வந்த நெம்புகோல் கத்தி எனக்கு மதிப்புக்குரியதாகப் படுகிறது. அச்சாணியின் பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோல் படுத்திருக்கும். அதை நிமிர்த்தி அழுத்தினால்தான் அலகின் துளையிலிருந்து முளை மேலெழும். அலகு முழுவதும் திறந்ததும் அதே முளை இரண்டாவது துளைக்குள் விழுந்து பூட்டும். நெம்புகோல் மடிந்து கிடக்கும்வரை தற்செயலாக எது பட்டாலும் கத்தி திறக்காது. தனியாகப் பாதுகாப்புப் பூட்டு என்று ஒன்று இல்லாமலேயே பாதுகாப்பு இதன் அமைப்பில் கலந்திருக்கிறது.

அமெரிக்காவில் 1890-களில் ஜார்ஜ் ஷ்ரேட் பட்டன் கத்திகளை ஆலை உற்பத்திக்குக் கொண்டுவந்தார். இன்று கடைகளில் காணப்படும் பக்கவாட்டுக் கத்திகளில் பெரும்பாலானவை அதற்குப் பின் வெகுதூரம் வந்துவிட்ட ஓர் அமைப்பைக் கொண்டவை: அச்சாணியைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங், உருளை வடிவப் பட்டன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும்.

சுருள் ஸ்பிரிங்கின் ஒரு கால் பிடியிலும் மறுகால் அலகின் அடிப்பகுதியிலும் மாட்டப்பட்டிருக்கும். அலகை மூடும்போதெல்லாம் நம் கை அந்தச் சுருளை முறுக்குகிறது; திறக்கும்போது செலவாகும் ஆற்றல் முழுவதும் மூடும்போது நாம் கொடுத்ததே. முழுவதும் திறந்த பிறகும் சுருளில் கொஞ்சம் முறுக்கு மிச்சமிருக்கும்படி வடிவமைப்பார்கள். திறந்த அலகு மேலும் சுழலாமல் நிறுத்துவதற்கென்று பிடிக்குள் ஒரு தடுப்பு முளை உண்டு; அந்த மிச்சம்தான் அலகை அதன்மேல் அழுத்தி வைத்திருக்கிறது.

பட்டன் என்று நாம் வெளியே காண்பது ஓர் உருளையின் மேல்முகம் மட்டுமே. பிடிக்குள் அந்த உருளையின் ஒரு பகுதி பருத்தும், ஒரு பகுதி கழுத்துப்போல் ஒடுங்கியும் இருக்கும், அடியில் ஒரு சிறு ஸ்பிரிங் அதை எப்போதும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். அலகின் அடிப்பகுதியின் வளைந்த விளிம்பில் இரண்டு காடிகள் வெட்டப்பட்டிருக்கும், ஒன்று மூடிய நிலைக்கு, மற்றொன்று திறந்த நிலைக்கு. மூடியிருக்கும்போது உருளையின் பருத்த பகுதி முதல் காடிக்குள் அமர்ந்து அலகைச் சுழலவிடாமல் தடுக்கிறது. அழுத்தும்போது கழுத்துப்பகுதி அலகின் மட்டத்துக்கு இறங்குகிறது, அலகு அந்த இடைவெளி வழியாகச் சுழன்று செல்கிறது. இரண்டாவது காடி வந்து சேர்ந்ததும் உருளை மேலெழுந்து மீண்டும் பருத்த பகுதியால் அடைத்துவிடுகிறது. ஒரே பட்டன் இரண்டு தாழ்களாகவும் வேலை செய்வது இந்த அமைப்பின் சிறப்பு. அதன் பலவீனமும் அதுவே: காடியின் விளிம்பு தேய்ந்தால் மூடிய நிலையோ திறந்த நிலையோ நம்பிக்கையை இழக்கிறது. நல்ல தயாரிப்பாளர்கள் உருளையைச் சற்றுக் கூம்பு வடிவில் கடைந்து, தேயத் தேய அது இன்னும் மேலேறிக் காடியை இறுக்கிப் பிடிக்கும்படி செய்கிறார்கள்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு விஷயம் கிடைக்கிறது. அலகு திறந்து முடிந்த பிறகும் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் உருளை மேலெழ முடியாது. அலகு திறந்திருப்பதுபோல் தோன்றும், ஆனால் பூட்டியிருக்காது. அதைப் பிடித்திருப்பது ஸ்பிரிங்கின் மிச்ச முறுக்கு மட்டுமே. ஆகவே அழுத்தியவுடன் விரலை எடுத்துவிட வேண்டும். புதிய கத்தி சரியாகப் பூட்டவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது அவர்களுடைய கட்டைவிரலைத்தான்.

பட்டனே வெளியில் தெரியாத கத்திகளும் உண்டு. பிடியின் தலைப்பகுதியைச் சற்று நகர்த்தினால், அல்லது பிடியின் பக்கத் தகட்டைத் தள்ளினால் அலகு திறக்கும். பார்வைக்குச் சாதாரண மடக்குக் கத்தி போலிருக்கும். குமிழால் கையாலும் திறக்கலாம், மறைந்திருக்கும் விசையாலும் திறக்கலாம். இந்தக் கத்திகளை விற்பவர்கள் இரட்டைச் செயல் என்று அழைக்கிறார்கள். அடுத்து வரும் வகையில் அதே சொல்லுக்கு முற்றிலும் வேறு பொருள் என்பதால், விளம்பரத்தில் அந்தச் சொல்லைக் கண்டால் எந்த வகையைப் பற்றிய பேச்சு என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முன்பக்கமாக வெளிவருபவை

பிடியின் முன்முனையில் உள்ள பிளவு வழியாக அலகு நேர்கோட்டில் வெளிவரும் இந்த வகை, கண்டிப்பாகச் சொன்னால் மடக்குக் கத்தியே அன்று. இங்கே எதுவும் மடங்குவதில்லை, சுழல்வதுமில்லை, அலகு ஒரு தடத்தில் சறுக்குகிறது. இருந்தாலும் கடையிலும் சட்டத்திலும் இவை பட்டன் கத்திகளோடு சேர்த்தே எண்ணப்படுவதால் இங்கும் இடம் பெறுகின்றன.

ஒற்றைச் செயல் வகையில் வலுவான ஸ்பிரிங் அலகை வெளியே செலுத்தும். உள்ளே கொண்டுபோவது நம் வேலை: தாழை விடுவித்து, பக்கத்திலோ பின்னாலோ உள்ள இழுப்பானைப் பற்றி இழுத்து, ஸ்பிரிங்கை மீண்டும் ஏற்ற வேண்டும். மூடிய நிலையில் ஸ்பிரிங் முழு விசையோடு காத்திருப்பதால் இது வேகமானது, திறந்த நிலையில் அசைவும் குறைவு.

இரட்டைச் செயல் வகையில் ஒரே தள்ளு பட்டனை முன்னே தள்ளினால் அலகு வெளிவரும், பின்னே இழுத்தால் உள்ளே போகும். ஒரே ஸ்பிரிங் எப்படி இரண்டு திசையிலும் தள்ளும் என்பது பலருக்கும் புதிராக இருக்கிறது. உண்மையில் அலகு உள்ளே இருக்கும்போதும் சரி, வெளியே இருக்கும்போதும் சரி, இந்த ஸ்பிரிங் ஏறக்குறைய ஓய்வாகவே இருக்கிறது. தள்ளு பட்டனை முன்னே நகர்த்தும்போது ஸ்பிரிங்கின் முன்முனை அதோடு சேர்ந்து நகர்கிறது. பின்முனையோ இன்னும் பின்தாழில் பூட்டிக் கிடக்கும் அலகோடு பிணைந்திருக்கிறது, ஆகவே ஸ்பிரிங் நீள்கிறது. கட்டைவிரலுக்குத் தெரியும் அந்தக் கடினமான எதிர்ப்பு நாமே ஸ்பிரிங்கை இழுப்பதால் வருவது. பட்டன் தன் பாதையின் இறுதியை நெருங்கும்போது, அதோடு சேர்ந்து நகரும் தகட்டின் சரிவு பின்தாழை ஒதுக்குகிறது. அலகு விடுபட்டு முன்னே பாய்கிறது. ஸ்பிரிங் தன் இயல்பு நீளத்துக்கு வந்துவிட்ட பிறகும், எஞ்சிய சிறு தூரத்தை அலகு வேகத்தாலேயே கடந்து முன்தாழில் போய் விழுகிறது. பின்னே இழுக்கும்போது இதே கதை எதிர்த்திசையில் நடக்கிறது.

இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் இரட்டைச் செயல் கத்தியின் எல்லாக் குணங்களும் விளங்கிவிடும். அலகு தடத்தில் தடையின்றிச் சறுக்க வேண்டும் என்பதற்காகச் சிறு இடைவெளி விடப்படுவதால் திறந்த அலகு கொஞ்சம் ஆடும், அது குறையன்று. கடைசித் தூரத்தை வேகத்தாலேயே கடப்பதால், நுனி எதிலாவது பட்டாலோ, தடத்தில் தூசி இருந்தாலோ, அலகு எந்தத் தாழிலும் விழாமல் நடுவில் தொளதொளவென்று நின்றுவிடும். அப்படி நின்றால் பதற்றம் வேண்டாம். தள்ளு பட்டன் முன்னே இருக்கும் நிலையிலேயே, அலகின் தட்டையான இரு பக்கங்களையும் வெட்டுவாயில் விரல் படாமல் பற்றி, டக்கென்று தாழ் விழும் ஓசை கேட்கும்வரை மெதுவாக வெளியே இழுத்தால் போதும். அடிக்கடி இப்படி நேர்ந்தால் சுத்தம் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். இதே காரணத்தால், அலகு ஏதாவதில் பட்டால் நின்றுவிடும் என்ற கதையை நம்பி யாரும் விரலை வைத்துப் பார்க்கக் கூடாது. ஆற்றல் குறைவாக இருந்தாலும் முனை கூர்மையானது.

வெட்டும் வேலை மிகுந்தவர்களுக்கு நான் பக்கவாட்டுப் பட்டன் கத்தியையே சொல்வேன். அச்சாணியும் தடுப்பு முளையும் சேர்ந்து தரும் உறுதியைச் சறுக்குத் தடம் தருவதில்லை. கையுறை அணிந்து, அடிக்கடி திறந்து மூடி, சிறு வெட்டுகளை மட்டும் செய்வோருக்கு இரட்டைச் செயல் வகை வசதியாக இருக்கும், ஏனெனில் அதை மூடுவதற்கும் ஒரே கை போதும், வெட்டுவாயின் பாதையில் விரலை வைக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

திறப்பதும் மூடுவதும்

பக்கவாட்டுக் கத்தியைத் திறக்கும் முன், நான்கு விரல்களும் பிடியின் இரு பக்கங்களையும் முதுகையும் பற்றியிருக்கின்றனவா, அலகு வெளிவரும் பிளவின்மேல் விரல்நுனி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லையா என்று பார்க்க வேண்டும். பிடிப்பு உறுதியாக இருக்கட்டும். அலகு தடுப்பு முளையில் மோதி நிற்கும்போது அதன் வேகம் முழுவதும் பிடிக்கு மாறி, கத்தி கையில் துள்ளும். தளர்வாகப் பிடித்தவர் கையிலிருந்து கத்தி நழுவி விழுவது இந்தத் துள்ளலால்தான். விழும் கத்தியைப் பிடிக்க முயலாமல் காலை விலக்கிக்கொள்ளுங்கள். முகமும், அருகில் நிற்பவரும், மற்றொரு கையும் அலகின் அரைவட்டப் பாதைக்கு வெளியே இருக்க வேண்டும்.

மூடுவதில்தான் பெரும்பாலான காயங்கள் நேர்கின்றன. உருளைப் பட்டன் கொண்ட கத்தியானால், பட்டனைக் கட்டைவிரலால் அழுத்தியபடியே, மற்றொரு உள்ளங்கையை அலகின் முதுகில் வைத்துச் சீராகத் தள்ள வேண்டும். மூட மூட எதிர்ப்பு வளரும். ஸ்பிரிங்கில் சேரும் ஆற்றல் முறுக்கின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது, அதாவது முறுக்கு இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காகும். கடைசிச் சில பாகைகளில் கை நழுவினால் அலகு மிகுந்த விசையோடு எதிர்த்திசையில் திரும்பும் என்பது இதனால்தான். அலகு பிடிக்குள் முழுவதும் அமர்ந்ததும் முதலில் பட்டனை விடுங்கள், டக்கென்ற ஓசைக்குக் காத்திருங்கள், அதன் பிறகே முதுகிலிருந்து உள்ளங்கையை எடுங்கள். வரிசை மாறிவிட்டால், பூட்டாத அலகு கையைத் தட்டிவிட்டுத் திறந்துகொள்ளும். மூடும் நேரம் முழுவதும் பிடியைப் பற்றிய விரல்கள் பிளவுக்கு வெளியே இருக்கட்டும்.

பாதுகாப்புப் பூட்டு இருந்தால் மூடியவுடன் அதைப் போட்டுவிடுவது நல்ல பழக்கம். ஆனால் அது செய்வது பட்டன் இறங்காமல் தடுப்பதை மட்டுமே. அலகை அது நேரடியாகப் பிடிப்பதில்லை. காடி தேய்ந்து, குலுக்கினாலே திறக்கும் கத்தியைப் பாதுகாப்புப் பூட்டால் சரிசெய்துவிட முடியாது. சட்டைப்பையிலோ கால்சட்டைப்பையிலோ கிளிப்பால் மாட்டும்போது, அலகின் முதுகு பையின் தையலோரத்தை ஒட்டியிருக்கும்படி மாட்டினால், தப்பித்தவறிப் பட்டன் அழுந்தினாலும் அலகு திறக்க இடமிருக்காது.

வாங்கும்போதும் அவ்வப்போதும் சோதிக்க வேண்டியவை

மூடிய கத்தியின் பிடிக்கட்டையை மரப்பலகையில் மெல்லத் தட்டிப் பாருங்கள், பாதுகாப்புப் பூட்டைப் போடாமலேயே. அலகு இம்மியும் நகரக் கூடாது. பிறகு திறந்து, பட்டன் முழு உயரத்துக்கு எழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூடியிருந்தபோது இருந்ததைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தால் உருளை காடிக்குள் முழுமையாக அமரவில்லை. திறந்த அலகின் முதுகை மரப்பலகையில் வைத்து, மடங்கும் பாதையில் விரல் இல்லாதபடி பிடியைப் பற்றி, மிதமாக அழுத்துங்கள். ஓங்கி அடிக்கத் தேவையில்லை, ஓங்கி அடிப்பது நல்ல தாழையும் கெடுத்துவிடும். அலகு பக்கவாட்டில் ஆடினால் அச்சாணித் திருகை மிகச் சிறிதளவு இறுக்கினால் போதும். மேலும் கீழுமாக ஆடினால் விஷயம் வேறு: தாழோ தடுப்பு முளையோ தேய்ந்திருக்கிறது, திருகைத் திருப்பி அதைச் சரிசெய்ய முடியாது.

வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மிக வலுவான ஸ்பிரிங் போட்ட மலிவான கத்தி கடையில் மிடுக்காகத் திறக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது தன் தடுப்பு முளையையும் காடியையும் தானே அடித்துத் தேய்த்துக்கொள்கிறது. அலகு முழுமையாகத் திறந்து பூட்டும் அளவுக்கு விசை இருந்தால் போதுமானது.

சுத்தம், எண்ணெய், ஸ்பிரிங்

பையில் இருக்கும் கத்திக்கு முதல் எதிரி துணித்துகள். பக்கவாட்டுக் கத்தியைத் திறந்து, பிளவுக்குள் காற்றைப் பீய்ச்சித் துகள்களை வெளியேற்றி, அச்சாணியின் இருபுறமும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை விட்டுப் பலமுறை திறந்து மூடிக் கழுவுங்கள். முழுவதும் உலர்ந்த பிறகு, மெல்லிய எண்ணெயில் ஒரு சொட்டு அச்சாணிக்கும், பட்டனின் ஓரத்துக்கு அதைவிடக் குறைவாகவும் போதும். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். ஆல்கஹால் தீப்பற்றக்கூடியது என்பதால் அடுப்பருகே இந்த வேலை வேண்டாம்.

முன்பக்கமாக வெளிவரும் கத்திக்கு இன்னும் சிக்கனம் தேவை. சறுக்குத் தடம் முழுவதும் எண்ணெய் பூசினால் அது தூசியைப் பிடித்துப் பசையாக்கிவிடும். அலகு உள்ளே போகும் பிளவைக் கீழ்நோக்கிப் பிடித்துக் கழுவி, உலரவைத்து, காய்ந்த பிறகு படலமாக நிற்கும் உலர் உயவுப்பொருளைச் சிறிதளவு இட்டால் நெடுநாள் சீராக ஓடும். கிரீஸ் எந்த வகைக் கத்திக்குள்ளும் போக வேண்டியதில்லை.

பிடியைக் கழற்றுவதில் எனக்குத் தயக்கம் உண்டு, குறிப்பாக இரட்டைச் செயல் கத்திகளில். சிறு தாழ்களும் அவற்றின் ஸ்பிரிங்குகளும் மூடி திறந்தவுடன் இடம் மாறிவிடும், தயாரிப்பாளர் தரும் உத்தரவாதமும் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். பக்கவாட்டுக் கத்தியைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால் அலகு திறந்த நிலையில் இருக்கும்போதுதான் தொடங்க வேண்டும், ஏனெனில் சுருளில் மிகக் குறைந்த முறுக்கு அப்போதுதான் இருக்கிறது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் அது இருந்த நிலையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், சுருளின் எந்தக் கால் எந்தத் துளையில் இருந்தது என்ற குழப்பம் வராது.

மூடியே வைத்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. சரியான எஃகில், சரியான அளவில் செய்த ஸ்பிரிங் அதன் மீள்திறன் எல்லைக்குள்ளேயே முறுக்கப்பட்டிருப்பதால், ஓரிடத்தில் காத்திருப்பதால் அது கெடுவதில்லை. அதைக் களைக்கச் செய்வது மீண்டும் மீண்டும் முறுக்கி விடுவதுதான், அதனால் பொழுதுபோக்காகத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும் கத்தியின் ஸ்பிரிங்தான் முதலில் உடையும். துருவும் இதே அளவுக்குக் கெடுதல் செய்கிறது. ஸ்பிரிங்கின் மேற்பரப்பில் துரு அரித்த சிறு குழி ஒன்று விரிசல் தொடங்கும் இடமாகிவிடும். வழக்கமாகப் பளிச்சென்று திறக்கும் கத்தி, சுத்தம் செய்த பிறகும் தயங்கித் தயங்கித் திறந்தாலோ, மூடும்போது கையில் எதிர்ப்பே தெரியாமல் தொளதொளத்தாலோ, ஸ்பிரிங் உடைந்திருக்கிறது அல்லது அதன் கால் துளையிலிருந்து நழுவியிருக்கிறது. சுருள் ஸ்பிரிங் என்றால் அதே தயாரிப்பாளரின் அதே அளவுச் சுருளை வாங்கி மாற்றிக்கொள்ளலாம். பழைய பட்டை ஸ்பிரிங் உடைந்தால், அறைந்த ஆணிகளை நீக்கி, புதிய பட்டையை வளைத்துப் பதம் செய்து பொருத்த வேண்டியிருக்கும் என்பதால், அந்த வேலையைக் கத்தி பழுதுபார்ப்பதில் தேர்ந்த கைவினைஞரிடம் கொடுப்பதே சரி.